இடைத்தேர்தல் என்னும் சிறு வாசல்

"ஜெயிக்கப் போறவனுக்குப் போடு, இல்லேன்னா ஓட்டு வீண்" என்பது தமிழ்நாட்டின் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கக் கிடைக்கும் அரசியல் ஞானம். பொதுத்தேர்தலில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆட்சி யாருக்கு என்பது அங்கே தீர்மானமாகிறது. வேண்டாதவர் வந்துவிடுவாரோ என்ற அச்சத்தில் பிடித்தவரைக் கைவிட்டு, வெல்லக்கூடியவருக்கு வாக்களிப்பதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இடைத்தேர்தலுக்கு இந்த ஞானம் எப்படிப் பொருந்தும்? 2019இல் 22 தொகுதிகளுக்கு நடந்தது போன்ற விதிவிலக்குகளை நீக்கிப் பார்த்தால், ஓர் இடைத்தேர்தலின் முடிவால் ஆட்சி கவிழ்வதில்லை. வாக்காளர் தம் மனத்தில் உள்ளதைப் பெரிய இழப்பின்றிச் சொல்லிவிடக்கூடிய தேர்தல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அப்படியிருந்தும் ஆளுங்கட்சிகள் தங்கள் ஆகப்பெரிய வெற்றிகளை ஈட்டுவதும், சிறு கட்சிகள் நசுங்கிப்போவதும் பெரும்பாலும் இங்கேதான். இந்த முரண் எப்படி நேர்ந்தது, இதில் நாம் இழப்பது என்ன என்பது குறித்துச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கவிதையும் கதையும் பேசும் இடத்தில் ஓட்டுக் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சிறிய எண்ணிக்கைகளின் மதிப்பை அறிந்தவர்கள் கூடும் இடம் இது என்பதே என் பதில். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1967 தொடங்கி 2021 வரை நடந்த அத்தனை சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழகத்தில் ஆட்சியமைத்தவை இரண்டே கட்சிகள். இவ்விரண்டும் ஒரு காலத்தில் சிறு கட்சிகளாக இருந்தவை. இரண்டின் வளர்ச்சியிலும் இடைத்தேர்தலுக்குப் பங்குண்டு. 1962 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் வென்ற திருவண்ணாமலையை, 1963 இடைத்தேர்தலில் தி.மு.க.வின் ப.உ.சண்முகம் கைப்பற்றினார். நான்காண்டுகளில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது.

பத்தாண்டுகள் கழித்து அதே நாடகம், பாத்திரங்கள் மட்டும் இடம் மாறின. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சிக்கு 1973 மே மாதத்தில் வயது ஏழு மாதம். திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. புதிய கட்சிக்கென்று ஒதுக்கப்பட்ட சின்னம் கிடையாது. வேட்பாளர் மாயத்தேவர், அன்று கிடைத்த சின்னங்களிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் இரட்டை இலை. வாக்குப்பதிவுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் 'உலகம் சுற்றும் வாலிபன்' திரைக்கு வந்திருந்தது. முடிவு வெளியானபோது மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். பழைய காங்கிரஸ் இரண்டாமிடம். இரண்டாண்டுகளுக்கு முன் 184 சட்டமன்ற இடங்களோடு ஆட்சிக்கு வந்திருந்த தி.மு.க. மூன்றாமிடம்.

ஆக, இன்று நாம் பெரிய மாளிகைகளாகக் காண்பவற்றில் குடியிருப்போர், ஒரு காலத்தில் சிறு வாசல் வழியாகக் குனிந்து நுழைந்தவர்கள். வந்தவர்கள் அந்த வாசலை அகலப்படுத்தவில்லை. தமக்குப் பின்னால் வேறு எவரும் நுழைந்துவிடாதபடி அதைச் சிறுகச் சிறுக அடைத்தார்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவே.

அடைப்பின் ஒரு பகுதி சட்டத்திலேயே இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் மனுத்தாக்கல் செய்ய ஒரே ஒரு முன்மொழிபவர் போதும்; மற்றவர்களுக்குத் தொகுதி வாக்காளர் பத்துப்பேர் கையெழுத்திட வேண்டும். வாக்கு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் பெயர்கள் மேலே, பதிவு மட்டும் செய்த கட்சிகள் அவற்றுக்குக் கீழே, சுயேச்சைகள் கடைசியில். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் போட்டியிட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஓர் உழைப்புதான். அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னமும் நிரந்தரமில்லை. கரும்பு விவசாயி சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்று மக்கள் மனத்தில் பதியவைத்த நாம் தமிழர் கட்சி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அது வேறொரு கட்சிக்கு ஒதுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்து, இறுதியில் ஒலிவாங்கிச் சின்னத்தில் போட்டியிட்டது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவர்கள் டெபாசிட்டை இழக்கிறார்கள். வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2022இல் அது பெரிய மாநிலங்களின் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவரை நிறுத்தும் கட்சியின் செலவுக்கோ வரம்பே கிடையாது. நாற்பது லட்சத்தைத் திரட்டவே திணறுகிறவரும், கணக்கின்றிச் செலவழிக்கவல்ல கட்சியின் வேட்பாளரும் சட்டத்தின் பார்வையில் சமம்.

இவை எல்லாத் தேர்தலுக்கும் பொதுவானவை என்பது உண்மை. இடைத்தேர்தலுக்கென்றே உருவான அடைப்பு வேறு. அதற்கு ஓர் ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலில் அன்று ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க. 39 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றது. வீடுதோறும் உறையில் பணம் போனது என்று அன்று எழுந்த குற்றச்சாட்டு, 2011இல் வெளியான அமெரிக்கத் தூதரகத் தகவல் பரிமாற்றங்களிலும் இடம்பெற்றது. 'திருமங்கலம் பார்முலா' என்ற சொல்லைப் பின்னர் எல்லாக் கட்சியினரும் அடுத்த கட்சியைச் சுட்டப் பயன்படுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடாவின் பேரில், வாக்குப்பதிவுக்கு மூன்று நாட்களே இருந்த நிலையில் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. 2023இல் ஈரோடு கிழக்கில் இன்னொரு புதுமை பேசப்பட்டது. வாக்காளர்களைக் காலைமுதல் மாலைவரை பந்தல்களில் உட்காரவைத்து, பிற கட்சியினர் அவர்களைச் சந்திக்கவே முடியாதபடி செய்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பட்டி'. ஆடுமாடுகளை அடைக்கும் இடத்தின் பெயரை மனிதர்களுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருத்திப் பேசியதும், நாம் அதைக் கேட்டுச் சிரித்ததும் எண்ணிப்பார்க்கத் தக்கவை. 234 தொகுதிகளிலும் ஒரே நேரத்தில் குவிக்க முடியாத பணமும் ஆளும் அமைச்சர்களும் ஒரே தொகுதியில் குவிய முடியும் என்பதே இடைத்தேர்தலின் தனிச்சிறப்பாகிவிட்டது.

இதற்கு எதிர்க்கட்சியாக இருப்பவர் கண்ட மறுமொழி, புறக்கணிப்பு. 2009 ஆகஸ்டில் நடந்த ஐந்து இடைத்தேர்தல்களை அ.தி.மு.க. புறக்கணித்தது. 2012இல் புதுக்கோட்டையையும் 2015இல் ஆர்.கே.நகரையும் தி.மு.க. புறக்கணித்தது. 2024இல் விக்கிரவாண்டியையும் 2025இல் ஈரோடு கிழக்கையும் மீண்டும் அ.தி.மு.க. புறக்கணித்தது. தேர்தல் நேர்மையாக நடக்காது என்ற காரணத்தை, ஆட்சியில் இல்லாதபோது இரு கட்சிகளும் ஒரே குரலில் சொல்லியிருக்கின்றன. ஆட்சிக்கு வந்ததும் அந்தக் குரல் எதிர்வரிசைக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது மடித்துவைக்கும் மேல்துண்டு போன்றது இந்த அறச்சீற்றம்.

அப்படிப் பெரியவர்கள் விலகும் நாட்களில் களத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். 2015 ஜூனில் ஆர்.கே.நகரில் முதல்வர் ஜெயலலிதாவை எதிர்த்து நின்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி.மகேந்திரன். ஜெயலலிதா பெற்றவை 1,60,432 வாக்குகள். மகேந்திரன் பெற்றவை 9,710. டெபாசிட் போயிற்று. கேலிக்கும் குறைவில்லை. ஆனால் அந்த 9,710 பேருக்கு வாக்குச்சாவடியில் ஒரு பொத்தான் இருந்தது என்றால், அதற்குக் காரணம் தோல்வி உறுதி என்று தெரிந்தும் ஒரு சிறு கட்சி நின்றதுதான். அவர் நின்றிராவிட்டால், வெல்ல இயலாது என்று ஒதுங்கிய பெரிய கட்சிகளின் வாதமே அந்த மக்களுக்கும் தீர்ப்பாகியிருக்கும்.

கூட்டணிக்குள் இருக்கும் சிறு கட்சிகளின் கதை இன்னும் விசித்திரமானது. அதிகம் பேசப்படாத ஒரு வழக்கத்தை இங்கே கவனிக்கலாம். திருமங்கலம் 2006இல் ம.தி.மு.க. வென்ற தொகுதி, அதன் உறுப்பினர் வீர.இளவரசன் மறைந்தபோது அங்கே போட்டியிட்டது அக்கூட்டணியின் தலைமைக் கட்சியான அ.தி.மு.க. புதுக்கோட்டை 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வென்ற தொகுதி. அதன் உறுப்பினர் முத்துக்குமரன் 2012இல் விபத்தில் மறைந்தபோது அங்கும் போட்டியிட்டது அ.தி.மு.க. ஈரோடு கிழக்கு, 2021இலும் 2023இலும் காங்கிரஸ் வென்ற தொகுதி, ஈ.வெ.கி.ச. இளங்கோவன் மறைந்த பின் 2025இல் அங்கே போட்டியிட்டது தி.மு.க. மூன்று தொகுதிகள், மூன்று கூட்டாளிகள், ஒரே முடிவு. பொதுத்தேர்தலில் தானமாகக் கொடுத்த இலையை இடைத்தேர்தலில் எடுத்துக்கொள்வது நம் கூட்டணி தர்மம் போலும். உறுப்பினரோடு தொகுதியும் கைவிட்டுப் போகும் என்றால், கூட்டணிக்குள் சிறு கட்சி வாங்குவது இடமன்று, வாடகை ஒப்பந்தம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, சிறு கட்சிகள் யாவும் அநியாயத்துக்கு ஆளான அப்பாவிகள் என்று முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. 2010 பென்னாகரம் இடைத்தேர்தலில் பா.ம.க. தனித்து நின்று 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு இரண்டாமிடம் பெற்றது, அ.தி.மு.க. மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. பணபலத்துக்கு எதிராகக் கட்சிப் பற்று ஓரளவுக்கு நிற்கும் என்று காட்டிய தேர்தல் அது. அதில் பா.ம.க.வுக்கு வாக்களித்தவர்கள் அன்றைய ஆளுங்கட்சியை எதிர்த்தே வாக்களித்தார்கள். ஓராண்டுக்குள், 2011 பொதுத்தேர்தலில், பா.ம.க. அதே தி.மு.க.வின் கூட்டணியில் இருந்தது. தே.மு.தி.க.வின் கதையும் இதன் தம்பிதான். 2009இல் அ.தி.மு.க. புறக்கணித்த இடைத்தேர்தல்களில் களத்தில் நின்று, இரு கழகங்களுக்கும் மாற்று என்று வாக்குக் கேட்ட கட்சி அது. 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் சேர்ந்து 29 இடங்களை வென்றது. 2012 சங்கரன்கோவில் இடைத்தேர்தலில், கூட்டணி முறிந்து மறுபடி தனித்து நின்றபோது டெபாசிட்டையும் இழந்தது. மாற்று என்று நம்பி வந்தவர்கள் இடைப்பட்ட காலத்தில் எதைக் கண்டார்களோ அதற்கான விலை அது. இடைத்தேர்தலில் கிடைத்த வாக்கை அடுத்த பேரத்துக்கான முன்பணமாகக் கருதும் கட்சி, பெரிய கட்சிகள் பணம் கொடுத்து வாங்கியதையே வேறு நாணயத்தில் விற்கிறது.

2017 டிசம்பரில் நடந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தலைச் சிலர் இங்கே நினைவூட்டக்கூடும். குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி.தினகரன் 89,013 வாக்குகள் பெற்று, இரட்டை இலையை 40 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். தி.மு.க. டெபாசிட்டை இழந்தது, மத்தியில் ஆண்ட பா.ஜ.க. பெற்ற 1,417 வாக்குகள் நோட்டாவுக்கு விழுந்தவற்றைவிடக் குறைவு. பெரிய கட்சிகளுக்கு இது அதிர்ச்சிதான். ஆயினும் இதைச் சிறு கட்சியின் எழுச்சி என்று என்னால் கொள்ள முடியவில்லை. இது ஒரு கூட்டுக்குடும்பத்தின் பாகப்பிரிவினை. இருபது ரூபாய் நோட்டு டோக்கன் பற்றிய குற்றச்சாட்டும் அன்று ஊரறிந்த பேச்சாக இருந்தது. வீழ்த்தியவரின் வழி வீழ்ந்தவரின் வழியிலிருந்து வேறுபடாதபோது, வாசல் திறந்தது என்று சொல்ல இயலாது.

இனி, 2025 பிப்ரவரி ஈரோடு கிழக்கு. 2023இல் இங்கே நாம் தமிழர் கட்சி பெற்றவை 10,827 வாக்குகள். 2025இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் விலகிக்கொள்ள, தி.மு.க.வின் சந்திரகுமார் 1,15,709 வாக்குகளோடு வென்றார். நாம் தமிழர் கட்சியின் சீதாலட்சுமி 24,151 பெற்றார். இரண்டு மடங்குக்கும் மேலான உயர்வு. ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்ததால் டெபாசிட் இல்லை. அந்த நாட்களில் அக்கட்சியின் தலைவர் சீமான் பெரியார் குறித்துப் பேசியவை, பெரியார் பிறந்த ஊரிலேயே பெரும் சர்ச்சையாயின. அந்தப் பேச்சுகளில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. கூடிய வாக்குகள் அந்தப் பேச்சுக்கு விழுந்தவையா, போக வேறிடம் இல்லாத அ.தி.மு.க. வாக்காளரின் கோபமா என்பதை எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பிரித்தறிய வழியில்லை. எதிரணியின் பெரிய கட்சி களத்தைவிட்டுப் போகும்போது, அதன் வாக்காளர் போய்ச்சேரும் இடத்துக்கு அக்கட்சியும் பொறுப்பு. நமக்குப் பிடிக்காத சிறு கட்சிக்கும் இந்த வாசல் திறந்தே இருக்க வேண்டும் என்று சொல்லத் துணிந்தால்தான், பிடித்த சிறு கட்சிக்காகப் பேசும் தகுதி நமக்கு வரும்.

தோற்கும் வாக்குக்கு மதிப்புண்டா என்ற கேள்விக்கு மொழிக்காக நின்ற வேறொரு சிறு கட்சியின் அனுபவம் உதவும். வேல்ஸ் நாட்டின் பிளைடு கம்ரி கட்சி 1925இல் தோன்றியது. அதன் முதல் நாடாளுமன்ற உறுப்பினரைப் பெற 41 ஆண்டுகள் ஆயின. அதுவும் 1966 ஜூலையில் கார்மார்தன் இடைத்தேர்தலில்தான். வென்றவர் அதன் தலைவர் குவின்வோர் எவன்ஸ். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வந்த இரண்டு தோல்விகள். தொழிற்கட்சியின் அசைக்க முடியாத கோட்டைகளான ரோந்தா மேற்கில் 1967இலும் கேர்ஃபிலியில் 1968இலும் நடந்த இடைத்தேர்தல்களில் அக்கட்சி தோற்றது. ஆனால் கேர்ஃபிலியில் 21 ஆயிரத்துக்கும் மேலிருந்த தொழிற்கட்சியின் முன்னிலை இரண்டாயிரத்துக்கும் கீழே இறங்கியது. இதற்கிடையே 1967இல் ஹாமில்டன் இடைத்தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி வென்றிருந்தது. 1969இல் லண்டன் அரசு, அதிகாரப் பகிர்வு உள்ளிட்டவற்றை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. 1999இல் வேல்ஸுக்கென்று ஒரு மன்றம் வந்தது. எவன்ஸ் 1970இலேயே தொகுதியை இழந்திருந்தார். தோற்றவர்களின் கணக்கையும் யாரோ பயத்தோடு படித்திருக்கிறார்கள்.

இங்கேதான் தொடக்கத்தில் ஒத்திவைத்த பதிலுக்கு வருகிறேன். சி.சு.செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, பல லட்சம் வாசகர்களைக் கொண்டிருந்த வார இதழ்களோடு அது எந்தக் கணக்கில் போட்டியிட்டது? விற்பனையை வைத்துத் தீர்ப்பெழுதினால் அது டெபாசிட் இழந்த முயற்சி. தமிழில் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாரும் அந்தச் சிறிய இதழைத் தாண்டிப் போக முடிவதில்லை. சிற்றிதழ் மரபில் வந்த நாம், எண்ணிக்கையைக் கண்டு ஒரு குரலை அளப்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் ஏன் விற்பனையாளரின் மொழியில் யோசிக்கத் தொடங்குகிறோம்?

ஒப்புமையை அதிகம் இழுக்கவும் கூடாது. சிற்றிதழ் தன் அளவிலேயே நிறைவு கொள்ளலாம். கட்சி அப்படி இருக்க முடியாது, அது அதிகாரத்தைக் கேட்டு வந்து நிற்கிறது. செல்லப்பா பெரும் பத்திரிகைகளிடம் விலை பேசித் தம் இதழை ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை. சிறு கட்சியிடம் நாம் கேட்க வேண்டிய உறுதிமொழியும் அதுவே. தேர்தல் முடிந்த மறுநாளும் அந்தத் தொகுதியில் அது இருக்குமா? பத்தாயிரம் பேர் தந்த வாக்கை எந்தப் பேரத்துக்கு எடுத்துச்செல்லும் முன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்குமா? இக்கேள்விக்குத் தெளிவான விடை சொல்லும் கட்சி எதுவானாலும், அது தோற்கும் என்று தெரிந்தே அதற்கு ஓர் இடைத்தேர்தலில் வாக்களிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆட்சி கவிழாத ஒரு தேர்தலில்கூட மனத்திலிருப்பதைச் சொல்லப் பழகாதவர்கள், ஆட்சியைத் தீர்மானிக்கும் தேர்தலில் அதைச் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.